பூவை வைத்து நவீன கலை செய்கிறவர்கள் உண்டா?

தோவாளையில் மாலை கட்டுகிறோம், பூவாலேயே கலைக்கூடத்தை நிரப்புகிறவர்கள் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. பிரிட்டனின் ரெபெக்கா லூயிஸ் லா ஆயிரக்கணக்கான பூக்களைச் செம்புக் கம்பியில் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவார். காய்ந்தாலும் எறியமாட்டார், அடுத்த படைப்புக்கு எடுத்துவைப்பார். ஜப்பானின் அசுமா மகோட்டோ 2014-ல் ஒரு போன்சாய் மரத்தை பலூனில் கட்டி வானத்துக்கே அனுப்பினார்.

எனக்குப் பிடித்தவர் பிரிட்டன் கலைஞர் அன்யா கல்லாச்சியோ. 1991-ல் சிவப்பு ஜெர்பரா பூக்களைக் கண்ணாடிக்குப் பின்னால் நெருக்கி அடுக்கி, அப்படியே அழுக விட்டார். நிறம் கறுத்து, பூஞ்சணம் பிடித்து... அதுதான் படைப்பே! விற்காத பூ மூட்டையை மறுநாள் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அந்த வாடை புரியும்.

அப்புறம், அரளியை மடித்து மடித்துக் கல் பதித்ததுபோல் கோக்கும் நம்ம மாணிக்க மாலையை இந்த வரிசையில் சேர்க்கலாமா என்றால், தாராளமாக.