திருப்பி அனுப்பிய மசோதா: பதில்

தம்பி, ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதாவைப் பேரவை மறுபடி நிறைவேற்றினால் தடுக்க வழியுண்டா என்று மன்னார்குடியிலிருந்து கேட்டிருந்தீர்கள். ஒப்புதலை அவர் நிறுத்திவைக்கக் கூடாது. அரசியலமைப்பின் பிரிவு 200 சொல்வது அதுதான். உங்கள் நண்பர் குழம்பியது பிரிவு 201-இல். ஆளுநர் குடியரசுத் தலைவரின் முடிவுக்கு ஒதுக்கிய மசோதா திரும்பி வந்து, பேரவை ஆறு மாதத்துக்குள் மறுபடி நிறைவேற்றி அனுப்பினாலும் அவர் ஒப்புதல் தந்தே ஆகவேண்டும் என்றில்லை. மாநில மசோதாவுக்கு நிஜமான தடை இங்கேதான்.

காலக்கெடு? 2025 ஏப்ரலில் தமிழ்நாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் கெடு வைத்து, பேரவை மறுபடி நிறைவேற்றியும் ஒப்புதல் கிடைக்காத பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளச் சொன்னது. நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது, ஆனால் காரணமின்றிக் கிடப்பில் போடவும் கூடாது என்று கருத்துரைத்தது. பழைய தேர்வுக் கைடு வைத்திருந்தால் இந்தப் பகுதியை நம்பாதீர்கள்.

தாமதத்துக்கு உதாரணமாக எல்லாரும், குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் முடிவெடுக்காமல் கிடப்பில் போட்ட அஞ்சல் மசோதாவை எழுதுவார்கள். நீங்கள் அதற்கு நேர்மாறாக, நம்ம காவிரி டெல்டாவின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தையும் சேருங்கள்: 2020 பிப்ரவரியில் பேரவையில் நிறைவேறி, அதே மாதமே ஆளுநர் ஒப்புதலும் வந்துவிட்டது.