கடல் மீன் நிலைகொள்ளாமல் அலைகிறதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முடிகின்றன: "என்ன மருந்து ஊற்றலாம்?" மீன் அலைவதைக் கண்டதும் மருந்துப் புட்டியைத் தேடும் வழக்கத்தை முதலில் விட வேண்டும். எந்த நேரத்தில் அலைகிறது, தொட்டியின் எந்தப் பக்கத்தில் அலைகிறது, செவுள் எவ்வளவு வேகமாகத் திறந்து மூடுகிறது என்று கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாலே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும். மீன் நலமாக இருக்கும் நாளிலேயே அதன் செவுள் நிமிடத்துக்கு எத்தனை முறை அசைகிறது என்று எண்ணிக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அது கட்டாயம் தேவைப்படும்.

சென்னை கொளத்தூரில் ஒரு ஜோடி கோமாளி மீன் வாங்கி இரவு பஸ்ஸில் கொண்டுவந்தேன். நான்கு நாட்களாக ஒரு மூலையில் கண்ணாடியை ஒட்டி மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கின்றன. (அழகாபுரம்)

செவுள் நிதானமாக அசைந்து, தீனியும் எடுக்கிறது என்றால் பயம் வேண்டாம். இருட்டு அறையில் தொட்டி விளக்கு மட்டும் எரியும்போது, உள்ளிருந்து பார்க்கும் மீனுக்குக் கண்ணாடி நிலைக்கண்ணாடி ஆகிவிடுகிறது. தன் உருவத்தையே எதிரி என்று நினைத்து மல்லுக்கு நிற்கிறது. பின்பக்கமும் இரு பக்கவாட்டிலும் பழுப்புக் காகிதம் ஒட்டுங்கள். இரண்டு நாள் விளக்கைக் குறைத்து வையுங்கள். உடலை நெளித்து நெளித்து நீந்துவதும், ஒரு மூலையைத் தன் வீடாக்கிக்கொள்வதும் கோமாளி மீனின் பிறவிக் குணம். இரவில் சற்றுச் சாய்ந்தபடி மிதந்து தூங்கினாலும் பதற வேண்டாம்.

அடுத்த முறை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நீண்ட பயணத்தில் மீன் விடும் மூச்சால் பைக்குள் கரியமில வாயு சேர்ந்து, தண்ணீரின் பி.எச். (அமில-காரத் தன்மை) அளவு இறங்கியிருக்கும். அந்த நிலையில் பையில் சேர்ந்த அம்மோனியா அவ்வளவாகத் தீங்கு செய்யாது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அதே அம்மோனியா அப்போது செவுளைச் சுட்டுவிடும். ஆகவே திறந்த பையில் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் விடுவது நல்லதல்ல. கட்டிய பையை வெப்பம் சமமாகும்வரை மிதக்கவிடுங்கள். கடைத் தண்ணீரின் உப்பு அளவை முன்கூட்டியே கேட்டு, புது மீனை முதலில் விடுவதற்கான தனித் தொட்டியை அதே அளவில் தயாராக வைத்திருந்தால், பையைத் திறந்ததும் மீனை மட்டும் எடுத்து விட்டுவிடலாம். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

மூன்றடித் தொட்டியில் நீல சர்ஜன் மீன் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓயாமல் ஓடுகிறது. (ஆத்தூர்)

தொட்டி போதாது. அது திறந்த பாறைத்திட்டுகளில் நாள் முழுவதும் நீந்தி மேயும் மீன், 25 சென்டிமீட்டருக்கு மேல் வளரக்கூடியது. ஆறடித் தொட்டி வைத்திருப்பவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். உள்ளங்கை அளவு குஞ்சைக் காட்டி "சின்னத் தொட்டியே போதும்" என்று விற்பது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருகிறது.

மே மாதத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் எல்லா மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. உடலில் புள்ளி எதுவும் இல்லை. மாடி அறை, கான்கிரீட் கூரை. (கொண்டலாம்பட்டி)

எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் மேலே வந்தால் முதலில் பிராணவாயுவைச் சந்தேகியுங்கள். கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே பிராணவாயுவைத் தாங்கும். 25 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 6.7 மில்லிகிராம், 30 டிகிரியில் 6.2 ஆகக் குறையும். வெப்பம் ஏற ஏற மீனின் தேவையோ கூடும்.

பம்பின் வாயை மேல்நோக்கித் திருப்பி நீர்ப்பரப்பு நன்றாகக் கலங்கும்படி செய்யுங்கள். மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, சிறிய மின்விசிறியைப் பரப்பின்மீது வீச விடுங்கள்; ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியைத் தொட்டிக்குள் போடக் கூடாது. மூடிய பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து மிதக்கவிடலாம், அதையும் ஒன்று ஒன்றாக. உச்சி வேளையில் தீனி வேண்டாம். மின்சாரம் போகும் நாட்களுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். விலையுயர்ந்த விளக்கு வாங்குவதற்கு முன் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

200 லிட்டர் தொட்டி. தினமும் ஆவியாகும் இரண்டு லிட்டருக்கு உப்புத் தண்ணீர் கலந்து ஊற்றுகிறேன். இரண்டு வாரமாக மீன்கள் தறிகெட்டுப் பாய்கின்றன. ஒப்படர்த்தி (தண்ணீரின் உப்பு அளவைக் காட்டும் எண்) 1.030 காட்டுகிறது. (ஓமலூர்)

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான்; உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். லிட்டருக்கு 35 கிராம் வீதம் தினம் 70 கிராம், இரண்டு வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ உப்பைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறீர்கள். இனி ஈடு செய்வதற்கு ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். சேலம் வட்டாரத்தின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது, ஆகவே அது வேண்டாம். ஏறியிருக்கும் உப்பைக் குறைக்க, நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு அதே அளவு ஆர்.ஓ. தண்ணீர் விடுங்கள். ஐந்து நாளில் 1.026 அருகே வந்துவிடும். ஒரே நாளில் இறக்க முயல வேண்டாம். சமையல் கல்லுப்பைப் பயன்படுத்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது, கடல்நீரில் உள்ள மக்னீசியமும் கால்சியமும் அதில் போதிய அளவில் இல்லை.

ஏற்காட்டில் வீடு. குளிர்ந்த ஊர்தானே, பிராணவாயுவுக்குக் குறைவிருக்காது என்று நினைத்தேன். ஆனாலும் விடியற்காலையில் மீன்கள் பம்பின் அருகே கூடி வேகமாக மூச்சு விடுகின்றன. (ஏற்காடு)

மிக நல்ல கேள்வி. மலைக் குளிர் உங்கள் அறைக்கு உண்டு, தொட்டிக்கு இல்லை. ஹீட்டர் போட்டுத் தண்ணீரை 25 டிகிரியில் வைத்திருக்கிறீர்கள். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு, நீரில் கரையும் பிராணவாயுவும் அதே கணக்கில் குறையும். கடலோரத்தில் 6.7 என்றால் உங்கள் வீட்டில் சுமார் 5.6 மில்லிகிராம். சேலத்தில் 30 டிகிரியில் தவிக்கும் தொட்டியைவிடவும் இது குறைவு! இரவில் பாசி பிராணவாயுவை வெளியிடாது, தானும் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் விடியற்காலையில் தட்டுப்பாடு உச்சத்துக்குப் போகிறது.

மீன்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஸ்கிம்மரை (காற்றுக்குமிழி நுரையால் கழிவை நீக்கும் கருவி) இரவிலும் ஓடவிடுங்கள். குளிருக்காக ஜன்னல்களை எல்லாம் இறுக அடைத்துவிடாமல் அறைக்குள் கொஞ்சம் காற்று வர விடுங்கள். பெரிய ஹீட்டர் ஒன்றுக்குப் பதிலாகச் சிறியவை இரண்டு வையுங்கள். ஒன்று பழுதானாலும் இரவோடு இரவாகத் தண்ணீர் சில்லிட்டுவிடாது. இதையெல்லாம் செய்த பிறகும் மூச்சு அடங்காவிட்டால், அடுத்த பதிலில் வரும் வெல்வெட் நோயைச் சந்தேகியுங்கள்.

மீன் திடீரென்று பாய்ந்து பாறையில் உடலைத் தேய்க்கிறது. உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். தாமிர மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றலாமா? இறால்களும் இருக்கின்றன. (அம்மாபேட்டை)

இங்கே மருந்து தேவை, ஆனால் அந்தத் தொட்டியில் அல்ல. தாமிரம் இறாலைக் கொன்றுவிடும். பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு அளவும் நிலைக்காது. எல்லா மீன்களையும் தனித் தொட்டிக்கு மாற்றி, தாமிர அளவைச் சோதித்தபடி அங்கே சிகிச்சை கொடுங்கள்.

இது கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணியாக இருக்க வாய்ப்பு அதிகம். சில நாட்களில் புள்ளி தானாக உதிரும். "குணமாகிவிட்டது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உதிர்ந்தது தரையில் கூடு கட்டிப் பெருகி, நூற்றுக்கணக்கில் திரும்பி வரும். கூடு பொரிய வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் பெரிய தொட்டியை சுமார் 11 வாரம் மீன் இல்லாமல் வைக்க வேண்டும். இறால்கள் அங்கேயே இருக்கலாம்.

புள்ளி தூள்போல் மிகப் பொடியாக இருந்து, மீன் வெளிச்சத்துக்கு அஞ்சி, பம்பின் நீரோட்டத்துக்கு எதிரே நின்று வேகமாக மூச்சு வாங்கினால் அது வெல்வெட் நோயாக இருக்கலாம். அதற்கு நாளை என்று தள்ளிப்போட நேரமில்லை. இரண்டு மூன்று நாட்களில் தொட்டியே காலியாகிவிடும்.

மீன்கள் துடித்துத் துடித்து நீந்துகின்றன. தண்ணீரில் கை வைத்தால் எனக்கும் லேசாகச் சுருக்கென்கிறது. (மேட்டூர்)

இனிமேல் தண்ணீரைத் தொடாதீர்கள். வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அதன்பிறகு பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பெரும்பாலும் விரிசல் விட்ட ஹீட்டரோ பழைய பம்போதான் காரணமாக இருக்கும். மின்பணியாளரை அழைத்து எர்த் இணைப்பைச் சோதித்து, தொட்டி இணைப்புக்கென்று 30 மில்லிஆம்பியர் கசிவு தடுப்பு பிரேக்கர் ஒன்றைப் பொருத்திய பிறகே மறுபடி இயக்குங்கள். அதுவரை பேட்டரி ஏர் பம்ப் ஓடட்டும்.