அக்காவுக்குத் தலையணை தைக்கிறீர்களா? பஞ்சைக் குறையுங்கள்

கேள்வி: அக்காவுக்கு அடுத்த மாதம் மார்பக அறுவை சிகிச்சை. கைக்கு அடியில் வைத்துக்கொள்ளும் இதய வடிவத் தலையணையை நானே தைத்துக் கொடுக்க நினைக்கிறேன். வீட்டில் வெல்வெட் துணியும் பழைய மெத்தைப் பஞ்சும் இருக்கின்றன. அவற்றிலேயே தைக்கலாமா? நன்றாக வந்தால் அந்த வார்டில் இருப்பவர்களுக்கும் பத்துப் பதினைந்து தைத்துத் தர ஆசை.

பதில்: வெல்வெட் வேண்டாம், மெத்தைப் பஞ்சும் வேண்டாம். வெல்வெட் உடம்பைப் புழுங்க வைக்கும். பழைய பஞ்சில் எத்தனை வருடத் தூசி இருக்கிறதோ, துவைத்தால் கட்டி கட்டியாகத் திரண்டும் போகும். நெருக்கமாக நெய்த மெல்லிய காட்டன் துணியும், துவைக்கக்கூடிய புது பாலியஸ்டர் பைபரும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தத் தலையணை எதற்கு என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கையைச் சாதாரணமாகத் தொங்கவிட்டாலே அது காயத்தில் உரசும். அக்குளில் நிணநீர்க் கணுக்களையும் எடுத்திருந்தால் வலி இன்னும் கூடும். கையைக் கொஞ்சம் விலக்கித் தாங்குவதுதான் தலையணையின் வேலை. இதய வடிவமும் அன்பைக் காட்டுவதற்காக இல்லை. நடுப்பள்ளம் அக்குளில் பொருந்தும், ஒரு மேடு கைக்கு முன்னால், இன்னொன்று பின்னால். அதனால் வாழ்த்து அட்டையில் வரும் குண்டு இதயம் உதவாது. மேடுகள் நீளமாகவும் பள்ளம் ஆழமாகவும் இருக்கட்டும். காரில் போகும்போது சீட் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளவும் இதுவே போதும்.

வெட்டுவதற்கு முன்பே துணியை வெந்நீரில் துவைத்துவிடுங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும், கஞ்சியும் போகும் சாயமும் போகும். வாசனை இல்லாத சோப்பாக இருக்கட்டும். கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) எடுப்பவர்களுக்கு நமக்கு இனிமையாகப் படும் வாசனையே குமட்டும். வீட்டில் பூனை இருந்தால் தைக்கும் மேசைக்கு அதை விடாதீர்கள். (என்னுடையது துணியை விரித்த உடனே வந்து படுத்துவிடும்.)

தையலுக்கு 1 செ.மீ. விட்டு வெட்டி, நல்ல பக்கங்களை உள்ளே வைத்துச் சின்னத் தையலாக ஓட்டுங்கள். பள்ளத்தில் இரண்டு முறை. அங்கே தையலுக்கு 2 மி.மீ. தள்ளி நிற்கும்வரை கத்தரிக்கோலால் வெட்டிவிடாவிட்டால் திருப்பியதும் துணி சுருங்கி நிற்கும், அந்தச் சுருக்கம் நேராக அக்குளில்தான் உறுத்தும். வளைவுகளிலும் சின்னச் சின்ன வெட்டுகள் கொடுங்கள். பஞ்சு அடைக்கும் வாய் நேரான பக்கத்தில் 10 செ.மீ. இருந்தால் போதும். கடைசியில் அதை நூல் வெளியே தெரியாத கைத்தையலால் மூடிவிடுங்கள். பட்டன், லேஸ், ஜிப், எம்ப்ராய்டரி எதுவும் வேண்டாம்.

பெரும்பாலானவர்கள் தவறுவது பஞ்சில்தான். நான் தைத்த முதல் தலையணை செங்கல் மாதிரி இருந்தது. வாங்கியவர் கையைச் சிறகு மாதிரி விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பாவம், நன்றி வேறு சொன்னார். 35 செ.மீ. அகலத் தலையணைக்கு 150 கிராம் அளவு வைத்து ஆரம்பியுங்கள். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் அழுத்தினால் எளிதாக அமுங்க வேண்டும். பிறகு உங்கள் கைக்கு அடியிலேயே வைத்துப் பாருங்கள். முழங்கை வெளியே தள்ளிக்கொண்டு நின்றால் கொஞ்சம் பஞ்சை எடுத்துவிடுங்கள்.

குண்டூசிகளை எண்ணி எடுங்கள், எண்ணி வையுங்கள். ஒன்று குறைந்தால் அது கிடைக்கும்வரை எந்தத் தலையணையும் வீட்டை விட்டுப் போகக்கூடாது.

சரி, வார்டுக்குத் தருவது பற்றி. தைக்க உட்காருவதற்கு முன் தலைமைச் செவிலியரைக் கேட்டுவிடுங்கள். தொற்றுக்குப் பயந்து கையால் தைத்தவற்றை வாங்காத மருத்துவமனைகளும் உண்டு. வாங்குவார்கள் என்றால் ஒவ்வொன்றையும் துவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு தனித்தனி உறையில் போட்டு மூடி, என்ன துணி, என்ன பஞ்சு, எப்படித் துவைப்பது என்று ஒரு சீட்டு வையுங்கள். ஒரு தலையணை ஒருவருக்குத்தான், கைமாறக்கூடாது.

எல்லோருக்கும் இதே தலையணை பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெஞ்செலும்பைத் திறந்து இதய அறுவை சிகிச்சை செய்தவர்கள் இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ளத் தலையணை கேட்பார்கள். அது செவ்வகமாக, கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும், அங்கே பஞ்சைத் தாராளமாக அடைக்கலாம். முடி கொட்டியவர்களுக்குத் தொப்பி தைத்தால் மென்மையான பின்னல் காட்டனில், தையல் மடிப்பு வெளியே வருகிற மாதிரி தையுங்கள். ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குத் தலையணையே கூடாது, மூச்சு முட்டும்.

அக்காவுக்கு மட்டும் இரண்டாகத் தைத்துவிடுங்கள். ஒன்று துவைத்துக் காயும்போது இன்னொன்று கைக்கு அடியில் இருக்கும்.