பள்ளிக்கூட வரி

அன்புள்ள ஐயா,

அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் தாடியஸ் ஸ்டீவன்ஸை அடிமைமுறையின் பரம எதிரி என்று எழுதியிருந்தீர்கள். 1821-ல் சாரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண்ணின் வழக்கில் எஜமானருக்காக வாதாடியவரும் அவர்தானே? அவர் வீட்டை நிர்வகித்த லிடியா ஸ்மித்துக்கும் அவருக்கும் என்ன உறவு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆமாம், அவர்தான். வழக்கில் ஜெயித்தார். அந்தப் பெண் திரும்பவும் அடிமையானாள். கறைதான், மழுப்பப்போவதில்லை. லிடியா விஷயம் நூற்றைம்பது வருஷத்து ஊர்வம்பு. நீங்களுமா? விடுங்கள்.

போன வாரம் எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர், "என் பிள்ளைகள் படித்து வேலைக்கே போயாச்சு, நான் எதற்குக் கல்வி வரி கட்டணும்?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்றிலிருந்து ஸ்டீவன்ஸ்தான் மனதில்.

1834-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இலவசப் பள்ளிச் சட்டம் வந்தது. வரி என்றதும் ஊரே கொதித்தது. மறு வருஷமே அதை ரத்து செய்ய மாநில மேலவை வாக்களித்துவிட்டது. அப்போது மாநிலக் கீழவையில் உறுப்பினராக இருந்த ஸ்டீவன்ஸ் எழுந்தார். பிறவியிலேயே கால் வளைந்தவர். அப்பா விட்டுப் போனபின் அம்மா பாடுபட்டுப் படிக்கவைத்த பிள்ளை. கைதிகளைச் சிறையில் வைத்துச் சோறு போடுகிற வரியை முணுமுணுக்காமல் கட்டுகிறவன், ஒருவன் குற்றவாளி ஆகாமல் தடுக்கிற வரிக்கு மட்டும் ஏன் கூச்சல் போடுகிறான் என்று கேட்டார். சட்டம் பிழைத்தது. பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் லிஃப்ட் வரவில்லை என்று பேச்சை மாற்றிவிட்டார்.

இதைப் பற்றி யாரும் கடிதம் எழுதுவதில்லை. கறை இருக்கிறதா, காதல் இருக்கிறதா என்றுதான் தேடுகிறீர்கள். சட்டமன்றத்துக்காரனை அவன் காப்பாற்றிய சட்டத்தை வைத்துப் பார்க்க மாட்டீர்களா? 1866-ல், சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்க்க வந்த பதினான்காவது திருத்தம் தான் விரும்பிய அளவுக்கு இல்லை என்று தெரிந்தும் அதை ஏற்றார். ஏன் என்றதற்கு, "நான் வாழ்வது மனிதர்கள் நடுவில், தேவதூதர்கள் நடுவில் அல்ல" என்றார். நீங்கள் தேவதூதரைத் தேடுகிறீர்கள்.

இதனாலெல்லாம் சாரிட்டி பட்லரின் கணக்கு நேராகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஸ்டீவன்ஸ் 1868-ல் இறந்தார். அனாதைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் அமைக்க உயிலில் வழி வைத்திருந்தார். நிறமோ மதமோ பார்க்கக் கூடாது, எல்லோரும் ஒரே வகுப்பில் படிக்க வேண்டும், சாப்பாடும் ஒரே பந்தியில்தான் என்று அதில் எழுதியிருக்கிறது.

அன்புடன்.