கட்டட சைட்டில் வெயில்: நீங்கள் கேட்டவை

பீகாரிலிருந்து புது ஆட்கள் வந்திருக்கிறார்கள். அங்கேயும் கொளுத்தும் வெயில்தானே, முதல் நாளே முழு வேலை கொடுக்கலாமா?

கூடாது. வெயிலில் வெளிவேலை பார்த்துச் சாகிறவர்களில் பாதிக்கு மேல் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே சாகிறார்கள் என்கிறது அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை. சீக்கிரமாகவும் தாராளமாகவும் வியர்க்க உடம்புக்கு ஒன்றிரண்டு வாரப் பழக்கம் வேண்டும், ஊருக்குப் போய் சில வாரம் இருந்துவிட்டு வந்தால் அது போய்விடும், பத்து வருஷக் கொத்தனாராக இருந்தாலும் சரி. அதனால் புது ஆளுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் வெயில் வேலை, தினமும் அதே அளவு கூட்டி ஐந்தாம் நாள் முழுசாகக் கொடுங்கள். பழைய ஆள் திரும்பி வந்தால் பாதி நேர வெயில் வேலையோடு தொடங்கலாம். மிச்ச நேரத்துக்கு நிழலில் கம்பி ரிங் வளைக்கச் சொல்லுங்கள். கூலியில் மட்டும் கை வைக்காதீர்கள், வைத்தால் அவர்களே வெயிலுக்குள் ஓடுவார்கள்.

சென்னையில் 36 டிகிரிதான், வேலூரில் 41. எங்களுக்கு என்ன பயம்?

வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடலோரப் புழுக்கத்தில் அது வழியுமே தவிர காயாது. செல்போன் காட்டும் டிகிரி நிழலில் எடுத்தது, மேலே தளத்தில் கம்பி கட்டுபவருக்குத் தலைக்கு மேல் வெயில், காலுக்குக் கீழே கொதிக்கும் இரும்பு ஷீட். வெயில், ஈரம், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கும் டபிள்யூபிஜிடி மீட்டர் இருக்கிறது; கத்தாரில் அது 32.1-ஐத் தாண்டினால் மணி எதுவானாலும் வெளிவேலையை நிறுத்த வேண்டும், 2021 முதல் சட்டம். மீட்டர் இல்லாத சைட்டில் 12 முதல் 3 வரையாவது ஆளைக் கீழே இறக்குங்கள்.

சித்தாள் வேலை பார்க்கிறேன். கழிப்பறை இல்லாததால் சாயங்காலம் வரை தண்ணீர் குடிப்பதில்லை. தப்பா?

தப்பு உங்கள் மேல் இல்லைம்மா. குடிநீரும் கழிப்பறையும் முதலாளி பொறுப்பு என்று 1996 கட்டடத் தொழிலாளர் சட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் இப்படியே போனால் நீர்க்கடுப்பு, கல், கடைசியில் கிட்னி வரைக்கும் போகும். கால் மணிக்கு ஒரு டம்ளர் உள்ளே போக வேண்டும், நடுவில் உப்புப் போட்ட மோரோ கூழோ குடியுங்கள். மேஸ்திரிகளே, வாசலில் மோர்ப் பந்தல் போட்டு போட்டோ எடுப்பதெல்லாம் அப்புறம், முதலில் தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறை கட்டுங்கள்.

கூட வேலை பார்ப்பவர் திடீரென்று உளறினார், உடம்பு கொதித்தது. பாராசிட்டமால் கொடுக்கலாமா?

வேண்டாம், இது காய்ச்சல் இல்லை, ஹீட் ஸ்ட்ரோக், மாத்திரை கேட்காது. 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் நிழலில் படுக்க வைத்து, சட்டையைக் கழற்றி, டிரம் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. 'வியர்க்கிறதே, ஸ்ட்ரோக் இருக்காது' என்றும் விட்டுவிடாதீர்கள், உழைக்கும்போது வருவதில் வியர்வை நன்றாகவே இருக்கும்.

மே மாதம் வீட்டுக்குத் தளம் போடலாமா?

போடலாம், விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிகிற மாதிரி. 40 டிகிரிக்கு மேல் கான்கிரீட்டை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று 1975-லேயே இந்தியத் தர விதி வந்துவிட்டது, கான்கிரீட் போடுகிற ஆளுக்குத்தான் நாம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். லாரி லேட்டாகி மதியம் வந்து நிற்குமென்றால் மறுநாளுக்கு மாற்றச் சொல்லுங்கள்.