ஒரே டவரில் மூன்று கம்பெனி இருந்தும் ஒரு சிம்மில் மட்டும் சிக்னல் ஏன்?

சத்துவாச்சாரியில் உங்கள் தெரு டவரில் மூன்று கம்பெனியின் ஆன்டெனா இருந்தும் ஒன்றில்தான் பேச முடிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் பகிர்வது பெரும்பாலும் இரும்பை மட்டும்தான், சிக்னலை அல்ல.

டவர் பொதுவாக இண்டஸ் டவர்ஸ் போன்ற தனி நிறுவனத்துடையது. இடம், கம்பம், கரண்ட், பேட்டரி, டீசல் ஜெனரேட்டர் எல்லாம் பொது. ஆன்டெனா, ரேடியோ, அலைக்கற்றை அவரவருடையது. எந்த உயரத்தில் எத்தனை ஆன்டெனா, எவ்வளவு எடை, கரண்ட் போனால் எத்தனை மணிநேரம் தாங்க வேண்டும், தவறினால் என்ன அபராதம் என்றெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். உயரமான இடத்தை ஒருவர் முதலில் பிடித்துவிட்டால், பின்னால் வருபவருக்குக் கீழேதான் இடம், கட்டடங்கள் மறைக்கும்.

ஆன்டெனா, ரேடியோ கருவிகளையும் பகிர 2016-லேயே அனுமதி வந்துவிட்டது. ஆனால் போட்டியாளரின் கருவியை நம்பி இருக்கக் கம்பெனிகள் தயங்குகின்றன.

அப்புறம், அரசு நிதியில் அமைந்த 4ஜி டவர்களில் பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ மூன்றின் வாடிக்கையாளர்களும் ஒரே நெட்வொர்க்கில் பேசும் ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கியது. பீஞ்சமந்தை மாதிரி மலைக் கிராமங்களுக்கு இதுதான் சரியான வழி. நாலு வீட்டுக்காக மூன்று கம்பெனியும் தனித்தனியே மலையேறப் போவதில்லை.