பழைய கணினிகளில் இன்டரப்ட் முன்னுரிமையை டிரைவர்கள் எப்படிக் கையாண்டன? வன்பொருள் வகுத்த வரிசையை மென்பொருளால் மாற்ற முடிந்ததா?

டிஸ்க், டெர்மினல் போன்ற சாதனங்கள் புராசஸரின் வேலையை நடுவில் நிறுத்திக் கவனம் கேட்பதுதான் இன்டரப்ட், அவற்றை இயக்கும் நிரல் டிரைவர். எந்தச் சாதனம் முதலில் என்பதை வன்பொருள் தீர்மானித்தது. மற்ற சாதனங்கள் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது டிரைவர் எழுதியவர் கையில் இருந்தது. இந்த இரண்டாவது விஷயத்தில்தான் ஒரு இயங்குதளத்தின் தரம் தெரியும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் கேள்விக்கு டிஇசி நிறுவனத்தின் பிடிபி-11 கணினியையும் அதில் ஓடிய யூனிக்ஸ் ஆறாம் பதிப்பையும் (1975) எடுத்துக்கொள்கிறேன். பழைய கணினிகளைப் போலவே நடந்துகொள்ளும் சிம்எச் சிமுலேட்டரில் இன்றும் அதை ஓட்டலாம். இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் மிகச் சிறியது, ஒருவரே உட்கார்ந்து முழுதாகப் படித்துவிட முடியும்.

பிடிபி-11 புராசஸருக்கு 0 முதல் 7 வரை ஒரு முன்னுரிமை நிலை உண்டு. புராசஸரின் அப்போதைய நிலவரத்தை வைத்திருக்கும் ஸ்டேட்டஸ் வேர்டில் மூன்று பிட்கள் அதற்காகவே இருக்கின்றன. சாதனங்கள் 4 முதல் 7 வரையிலான நான்கு நிலைகளில் ஏதாவது ஒன்றிலிருந்து கோரிக்கை விடும். அந்த நிலை புராசஸரின் அப்போதைய நிலையைவிட அதிகமாக இருந்தால்தான் இன்டரப்ட் நடக்கும். ஒரே நிலையில் இரண்டு சாதனங்கள் ஒன்றாகக் கேட்டால், அனுமதி சிக்னல் கார்டு கார்டாகக் கடந்து போகும்போது புராசஸருக்குப் பக்கத்தில் இருப்பது அதை எடுத்துக்கொள்ளும். கார்டை எந்த இடத்தில் செருகுகிறோம் என்பதும் முன்னுரிமையில் சேர்த்திதான். நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தால், சிக்னலைக் கடத்திவிடுவதற்கென்றே ஒரு சின்ன கார்டை அங்கே செருக வேண்டும். இல்லாவிட்டால் அதற்கு அப்பால் உள்ள சாதனங்களுக்கு அனுமதி போய்ச் சேராது.

கன்சோல் டெர்மினல் 4, ஆர்கே05 டிஸ்க் 5, கடிகாரம் 6. டிஸ்க்குக்குமேல் கடிகாரம் ஏன்? மின்சாரத்தின் அதிர்வெண்ணை ஒட்டி நொடிக்கு 60 முறை (சில நாடுகளில் 50 முறை) கடிகாரம் தட்டும். தட்டியதைக் குறித்துவைக்க அதனிடம் ஒரே ஒரு பிட்தான் இருக்கிறது. அதைக் கவனிப்பதற்குள் அடுத்த தட்டல் வந்துவிட்டால் ஒன்று தொலைந்துபோகும், கணினியின் நேரம் பின்தங்கும். டிஸ்க்குக்கு அந்த அவசரம் இல்லை. தரவை அதுவே நேராக நினைவகத்தில் எழுதிவிட்டு, முடிந்தபின்தான் இன்டரப்ட் விடுகிறது.

இனி டிரைவர். ஒவ்வொரு சாதனத்துக்கும் நினைவகத்தில் இன்டரப்ட் வெக்டர் என்ற இடம் உண்டு, அதில் இரண்டு சொற்கள் (16 பிட் மதிப்புகள்) இருக்கும்: எங்கே தாவ வேண்டும் என்ற முகவரி, தாவியபின் புராசஸர் ஏற்க வேண்டிய ஸ்டேட்டஸ். இந்த இரண்டாவது சொல்லை நிரப்புவது இயங்குதளம். சாதனம் எந்த நிலையில் கேட்கிறது என்பது வன்பொருளில் இருக்கிறது. அதன் வேலை எந்த நிலையில் நடக்கும் என்பதை மென்பொருள் எழுதிவைக்கிறது. ஆறாம் பதிப்பு இரண்டையும் ஒன்றாகவே வைத்தது. டிஸ்க் இன்டரப்ட் நடக்கும்போது நிலை 5, ஆகவே இன்னொரு டிஸ்க் இன்டரப்ட் நடுவில் நுழையாது, கடிகாரம் மட்டும் நுழையும்.

ஆர்கே டிஸ்க் டிரைவரைத் திறந்து பாருங்கள். புதிய கோரிக்கையை வரிசையில் சேர்க்கும் முன் எஸ்பிஎல்5 (புராசஸரின் நிலையை 5-க்கு மாற்று) என்று ஒரு அழைப்பு. வரிசையில் சேர்த்து, டிஸ்க் சும்மா இருந்தால் கிளப்பிவிட்டு, கடைசியில் எஸ்பிஎல்0. அந்த நாலைந்து வரிகளுக்கு மட்டும் புராசஸர் 5-ஆம் நிலைக்கு ஏறுகிறது, டிஸ்க் இன்டரப்ட் வந்து அதே வரிசையைக் கலைக்க முடியாது. ஒரே புராசஸர் உள்ள கணினியில் முன்னுரிமை நிலையே பூட்டாகவும் வேலை செய்தது. டிஸ்க்கை மட்டும் தடுக்கத் தேவையான அளவே ஏறினார்கள், கடிகாரத்தைத் தொடவில்லை.

இதில் ஒரு குறை உண்டு. ஏற்கெனவே உயர்ந்த நிலையில் இருக்கும் ஒருவர் இதை அழைத்தால், எஸ்பிஎல்0 நிலையை அடிமட்டத்துக்கே இறக்கிவிடும். ஏழாம் பதிப்பில் பழைய நிலையைத் திருப்பித் தரும்படி இந்த அழைப்புகளை மாற்றினார்கள். அந்த மதிப்பை எஸ்பிஎல்எக்ஸ் என்ற புதிய அழைப்பிடம் கொடுத்தால் இருந்த நிலைக்கே போய்விடலாம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் கடிகாரத்தின் நிரல். 6-ஆம் நிலையில் நுழைந்ததும், தான் குறுக்கிட்ட நிரல் எந்த நிலையில் ஓடிக்கொண்டிருந்தது என்று பார்க்கும். அது 0 இல்லையென்றால், காத்திருக்கும் வேலைகளை அடுத்த தட்டலுக்குத் தள்ளிவிட்டுத் திரும்பிவிடும். 0 என்றால் தன் நிலையை 5-க்கு இறக்கிக்கொண்டு அவற்றைச் செய்யும். நொடிக்கு ஒருமுறை வரும் நீண்ட வேலைகளுக்கு 1 வரை இறங்கும். ஏன் 0 இல்லாமல் 1? அந்த வேலை நடக்கும்போதே அடுத்த தட்டல் வந்தால், 0 அல்லாத நிலையைப் பார்த்து அது ஒதுங்கிவிடும். தனிப் பூட்டே இல்லாமல், ஒரே வேலையை இரண்டு பேர் தொடுவது தவிர்க்கப்படுகிறது. அவசரமானதை மேலே முடி, மற்றதைக் கீழே இறங்கிச் செய் என்ற இந்த வழக்கத்தை டிஇசியின் பிந்தைய இயங்குதளமான விஎம்எஸ் இன்னும் விரிவாக்கியது. விஎம்எஸ்ஸை வடிவமைத்தவர்களில் ஒருவரான டேவ் கட்லர் பின்னர் விண்டோஸ் என்டியை உருவாக்கியபோதும் இது தொடர்ந்தது.

இரண்டாவது கேள்விக்கு ஐபிஎம் பிசி. 1981-இல் வந்ததில் இன்டரப்ட் கோரிக்கைகளை வரிசைப்படுத்த எட்டு கம்பிகள் கொண்ட ஒரு 8259 சிப். 0-க்குத்தான் முதலிடம், 7 கடைசி. 1984-இல் வந்த ஏடி கணினியில் இரண்டாவது 8259-ஐ முதல் சிப்பின் 2-ஆம் கம்பியில் கோர்த்தார்கள். அதனால் வரிசை 0, 1, அடுத்து 8 முதல் 15 வரை, பிறகுதான் 3 முதல் 7 வரை. ஹார்டு டிஸ்க் 14. மோடம் மாட்டும் சீரியல் போர்ட்டுகள் 4, 3. எண்ணில் சிறியவையாக இருந்தும் டிஸ்க்குக்குப் பின்னால்தான் அவை நின்றன. ஆனால் சீரியல் போர்ட்டை இயக்கும் 8250 சிப்பில், வந்த எழுத்தை வைத்திருக்க ஒரே ஒரு இடம். நொடிக்கு 115200 பிட் வேகத்தில் சுமார் 87 மைக்ரோ நொடிக்குள் அதை எடுக்காவிட்டால் அடுத்த எழுத்து அதன்மேல் விழும். காத்திருக்க முடியாத சாதனம் பின்வரிசையில்!

மாற்ற முடியுமா என்றால், முடியும். 8259-இல் முன்னுரிமையைச் சுழற்ற ஒரு கட்டளை உண்டு. சீரியல் போர்ட்டை முதலிடத்துக்குக் கொண்டுவர லினக்ஸில் ஐஆர்க்யூட்யூன் என்ற கருவி இதைப் பயன்படுத்தியது. ஆனால் எக்ஸ்86 புராசஸர் இன்டரப்டுக்குள் நுழைந்ததுமே மற்ற எல்லா இன்டரப்டுகளையும் அடைத்துவிடுகிறது. டிரைவர் தானாகத் திறந்துவிட்டால்தான் 8259-இன் வரிசைக்குப் பயன். லினக்ஸின் பழைய ஐடிஇ (ஹார்டு டிஸ்க்) டிரைவர் தரவை நகர்த்தி முடிக்கும்வரை திறக்காமல் வைத்திருந்ததால், வரிசையை எப்படி மாற்றினாலும் எழுத்துகள் தொலையத்தான் செய்தன. டிஸ்க் அமைப்புகளை மாற்றும் எச்டிபார்ம் கட்டளையில் யு1 என்ற தேர்வைக் கொடுத்தால் அது நடுவில் வழிவிடும். சில கன்ட்ரோலர்களில் இதனால் டிஸ்க் தரவே கெடும் அபாயம் இருந்தது, அதனால்தான் இயல்பாக அணைத்து வைத்திருந்தார்கள். பழைய கணினியில் இதை முயல்வதாக இருந்தால் முதலில் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது 16 எழுத்துகள் தாங்கும் 16550 சிப் உள்ள சீரியல் கார்டை மாட்டிவிடுங்கள், நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.